மறு: நெற்றியில் வரும் அக்கிக்கு என்ன பெயர்?

அன்பின் நண்பர்களுக்கு,

நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வரும் அக்கிக்கு (herpes zoster ophthalmicus) தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சில் ஐயா ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> 'கண்ணக்கி' போதுமே. சுருக்கமாகவும் இருக்கிறது.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் கேட்பவர் கண்ணுக்குள் கொப்புளம் தேடுவார். இது தொடங்குவதோ பெரும்பாலும் நெற்றியில், அதுவும் ஒரு பக்கம் மட்டும். சின்னம்மை ஆறியபின் நரம்பு முடிச்சில் பல்லாண்டு பதுங்கிக் கிடந்த வைரஸ், முகத்தில் உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பின் முதல் கிளையான விழிக்கிளை வழியே இறங்கி நெற்றி, மேலிமை, மூக்கு என்று வருகிறது. மூக்கு நுனியில் கொப்புளம் கண்டால் கண் மருத்துவர் உஷாராகிவிடுவார். அந்த நுனிக்கும் விழிக்கும் போவது ஒரே சிறுநரம்பு. ஹட்சின்சன் அறிகுறி என்பது இதைத்தான்.

எங்கள் பக்கம் அக்கி என்றால் குயவர் வீட்டில் காவி மண்ணால் எழுதிக்கொள்வார்கள். நெற்றியில் எழுதிக்கொண்டு நாலு நாள் பொறுத்திருந்தால், வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மருந்தைத் தொடங்க வேண்டிய 72 மணி நேரம் போயே போய்விடும். கருவிழியில் தழும்பு விழுந்தால் பார்வையும் போகலாம். ஆகவே பெயரில் நெற்றியும் வேண்டும், கண்ணும் வேண்டும்.

'கண் நரம்பு அக்கி' என்று அக்கா எழுதியிருந்தார். அது பார்வை நரம்போடு குழம்பும். பாடநூலுக்கு 'விழிக்கிளை அக்கி', துண்டறிக்கைக்கு 'நெற்றிக்கண் அக்கி' என்பது என் முன்மொழிவு. சிரிக்காதீர்கள், அக்கிக்கு அகராதியில் தீ என்ற பொருளும் உண்டு.

அடுத்தது 'பின்அக்கி நரம்புவலி' (post-herpetic neuralgia) என்ற பெயர். இதை முதுகில் வந்த அக்கி என்றுதான் என் அம்மா படித்தார். தோல் ஆறி மூன்று மாதம் கழிந்தும் சட்டை உரசினாலே சுரீரென்கிற வலி அது. 'அக்கி எச்சவலி' என்றால் என்ன? எச்சம் என்றால் பறவை நினைவு வருமாம். வினையெச்சம் படித்தபோது யாருக்கும் காக்கை நினைவு வரவில்லையே!

---

வணக்கம்.

விழிக்கிளை அக்கி, எச்சவலி இரண்டும் எனக்குச் சம்மதம். நெற்றிக்கண் மட்டும் வேண்டாம். துண்டறிக்கையைப் படித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போய்விடுவார்கள். பேசாமல் 'நெற்றி-கண் அக்கி' என்று கோடு போட்டு எழுதுங்கள், போதும்.

காது விட்டுப்போயிற்றே? காதில் கொப்புளம், கூடவே அதே பக்கம் வாய் கோணி, இமை மூடாமல் போகும். 1907-இல் ராம்சே ஹண்ட் என்ற நரம்பியல் மருத்துவர் விவரித்தது. 'காதக்கி' என்றால் முகவாதம் விட்டுப்போகிறது. 'முகவாத அக்கி' சரிவருமா?