எல்எம்386 ஆம்ப் (ஒலியைப் பெருக்கிற சின்ன ஐசி): பாட்டு உடைஞ்சு கேக்குது

கேள்வி (உவர்மலை):
9 வோல்ட் பற்றரி, 8 ஓம் ஸ்பீக்கர், போனிலிருந்து நேரா ஐசியின்ர 3ஆம் காலுக்கு (சிக்னல் உள்ள போற கால்). 1ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் இடையில 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் போட்டிருக்கிறன். மெல்லமா வைச்சாலும் கரகரக்குது. ஐசியை மாத்தவா?

பதில் (நிலாவெளி):
ஐசியைத் தொடாதேங்கோ தம்பி. முதல்ல அந்த 10 மைக்ரோஃபாரட்டைக் கழற்றுங்கோ. அது இருந்தால் பெருக்கம் 200, இல்லாட்டி 20. 20 மடங்கிலேயே போனிலிருந்து வாற அரை வோல்ட் உச்சம் 10 வோல்ட் ஆகும். உங்கட ஐசிக்கு நடுவிலிருந்து மேலயும் கீழயும் 4.5 வோல்ட்கூட இல்லை. அலையின்ர தலை வெட்டுப்படுது, அதுதான் அந்தக் கரகரப்பு. 3ஆம் காலுக்கு முன்னால 10 கிலோ ஓம் வொலியூம் கொன்ட்ரோல் கட்டாயம் வேணும்.

பதில் (திருமலை நகர்):
அண்ணை சொன்னது சரி. பாட்டு இல்லாம 5ஆம் காலை (ஸ்பீக்கருக்குப் போற கால்) அளவுங்கோ, 4.5 வோல்ட் அளவில நிண்டால் ஐசி நல்லம். பாட்டு ஓடேக்க 6ஆம் காலில (பற்றரி பிளஸ் வாற கால்) ஒவ்வொரு பாஸ் அடிக்கும் (தாழ்ந்த ஒலி) வோல்ட் சரிஞ்சால் பற்றரிதான் பிழை. சின்னச் சதுர 9 வோல்ட் பற்றரி அவ்வளவு கறண்ட் தராது, 1.5 வோல்ட் ஆறு தொடராப் போடுங்கோ. 6க்கும் 4க்கும் (கிரவுண்ட், பற்றரி மைனஸ்) இடையில 220 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர், ஐசிக்குக் கிட்டவே. 5இலிருந்து கிரவுண்டுக்கு 0.05 மைக்ரோஃபாரட்டும் 10 ஓமும் தொடரா.

கேட்டவர்:
கழற்றினதும் தெளிஞ்சிட்டுது. பழைய ரேடியோ கொன்ட்ரோல் போட்டன், திருப்பேக்க மட்டும் கரகரப்பு.

பதில் (நிலாவெளி):
உள்தடத்தில அழுக்கு. கடற்காத்துக்கு இங்க கெதியாப் பிடிக்கும். கொன்டக்ட் கிளீனர் அடிச்சு, பற்றரி இல்லாம பத்துத்தரம் திருப்புங்கோ. போகாட்டி புதுசு.