மழைக்காட்டுச் செடிகளை எல்லாம் சலித்துப் பார்த்தால் மருந்து கிடைக்குமா?

குறிஞ்சிநாடன்:
மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பூக்கும் தாவரங்கள் உண்டு. நம் ஆய்வகங்களில் புழங்குவதோ திரும்பத் திரும்ப அதே துளசி, வேம்பு, கீழாநெல்லி. அகத்தியமலையிலும் ஆனைமலையிலும் மட்டும் வளர்கிற மரங்களின் பட்டையிலும் விதையிலும் என்ன இருக்கிறது என்று முறையாகத் தேடியது மிகக் குறைவு.

ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். குயின்ஸ்லாந்து மழைக்காட்டில் ஃபான்டெய்னியா பிக்ரோஸ்பெர்மா என்றொரு சிறு மரம், ஆமணக்குக் குடும்பம். அதன் விதையில் கிடைத்த டிஜிலனால் டிக்லேட் இன்று நாய்களுக்கு வரும் மாஸ்ட் செல் புற்றுநோய்க்கு மருந்து. கட்டியிலேயே நேராக ஊசி போடுகிறார்கள். அமெரிக்கச் சோதனையில் ஒரே ஊசியில் 75 சதவீத நாய்களுக்குக் கட்டி முழுதாக மறைந்தது. 2020இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்துவிட்டன. எந்த ஓலைச்சுவடியும் அந்த மரத்தைச் சொல்லவில்லை, தேடினார்கள், கிடைத்தது. நாமும் செடிச் சாறுகளைச் சேர்த்து வைக்கும் ஒரு சாறு நூலகம் அமைத்து, மருந்துக் குணம் இருக்கிறதா என்று ஒவ்வொரு மரத்தையும் சலித்துவிட வேண்டும் என்கிறேன். அரசு பணம் போடட்டும்.

ரசாயனத்தான்:
சாறு இறக்கிச் சலிக்கிற வேலையில்தான் பல வருடம் சோறு தின்றேன், அதனால் சொல்கிறேன். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 செடி மாதிரிகளில் இருந்து 1,14,000 சாறுகளைச் சோதித்தது. பெயர் சொல்லும்படி வந்த புற்றுநோய் எதிர்ப்புப் பொருள்கள் இரண்டு: டாக்ஸால், கேம்ப்டோதெசின். 1991இல் மெர்க் கம்பெனி கோஸ்டாரிகாவின் இன்பியோ என்ற பல்லுயிர் ஆய்வு நிறுவனத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஒப்பந்தம் போட்டது. உலகமே கைதட்டியது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு மருந்தும் கடைக்கு வரவில்லை.

காரணம் எளிது. மழைக்காட்டு இலையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஏராளம். அது கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டிக்கொள்ளும், எந்த நொதிச் சோதனை வைத்தாலும் "வேலை செய்கிறது" என்று காட்டும். அதை விலக்கி, பல செடிகளிலும் இருக்கும் குவர்செட்டின் மாதிரி ஏற்கெனவே தெரிந்ததை விலக்கி, மிச்சத்தில் புதிதாக ஒன்று தட்டுப்பட்டால் அது இலையில் லட்சத்தில் ஒரு பங்கு இருக்கும். கட்டமைப்பைக் கண்டுபிடிக்கவே மில்லிகிராம் கணக்கில் வேண்டும், எலிக்குக் கொடுக்க கிராம் கணக்கில். ஆக, திரும்பவும் காட்டுக்கு. இதையெல்லாம் விட்டுவிட்டு, மெத்தனால் சாறு ஊற்றினோம், பெட்ரி தட்டில் கிருமி வளராத வளையம் விழுந்தது என்று நம் ஊரில் வருகிற கட்டுரைகளை எடை போட்டு விற்றால்கூட ஒரு ஆய்வகம் கட்டலாம்.

மருந்துக்கடை அண்ணாச்சி:
காட்டுக்கு எதுக்குத் தம்பி போகணும்? நித்தியகல்யாணி சுடுகாட்டு ஓரத்திலதான் பூத்துக் கிடக்கு. அதுலதான ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்தான்? அதுவும் சர்க்கரைக்குன்னு தேடப்போய்.

குறிஞ்சிநாடன்:
அண்ணாச்சி, அது என் கட்சிக்குத்தான் சாட்சி. சர்க்கரைக்குத் தேடியவனுக்குப் புற்றுநோய் மருந்து கிடைத்தது என்றால், முன்கூட்டியே தெரிந்த குணத்தை மட்டும் நம்பித் தேடக் கூடாது என்றுதானே பொருள்?

ரசாயனத்தான் சாருக்கு: கேம்ப்டோதெசினை நீங்களே சொன்னீர்கள். 1966இல் அது சீன மரத்தில் கிடைத்தது. 1972இல் கோவிந்தாச்சாரியும் விஸ்வநாதனும் நம் மலையில் வளரும் மாப்பியா ஃபோட்டிடாவில் அதே பொருளைக் கண்டார்கள், அதுவும் சீன மரத்தைவிட அதிகமாக. இரினோடெக்கான், டோபோடெக்கான் என்ற புற்றுநோய் மருந்துகள் இரண்டுக்கும் கேம்ப்டோதெசின்தான் மூலம். தேடியிராவிட்டால் அந்த மரம் இன்றும் வெறும் விறகு. தெரிந்ததை விலக்குவதற்கும் சாற்றில் உள்ள சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காட்டும் எல்சி-எம்எஸ் கருவி இப்போது இருக்கிறது, உங்கள் காலம் மாதிரி மாதக்கணக்கு ஆகாது.

பொதிகைச்சாரல்:
விறகாகவே இருந்திருந்தா அந்த மரத்துக்கு நல்லது. மராட்டியத்துல நர்க்யான்னு சொல்லுவாங்க. ஏற்றுமதிக்காகக் காடு காடா வெட்டி, வேரையும் தோண்டி, சில்லு சில்லா நறுக்கி மூட்டை மூட்டையா அனுப்பினாங்க. "கண்டோம்"னு நீங்க கட்டுரையை முடிக்கிற இடத்துலதான் வெட்டு ஆரம்பிக்குது.

நான் விக்கிரமசிங்கபுரத்துக்காரன், காணிப் பழங்குடிக் குடியிருப்புகளுக்குப் போய்வந்து பழக்கம். ஆரோக்கியப்பச்சைச் செடியோட கதையை இங்க யாரும் எடுக்கலையே, அதைச் சொல்லுதேன். 1987இல் அகத்தியமலைக்கு ஆய்வுக்குப் போன குழுவுக்கு மூச்சு வாங்குச்சு, கூட வந்த காணிக்காரங்க ஒரு காயைத் தின்னுட்டுச் சலிக்காம நடந்தாங்க. கேட்டப்போ முதல்ல சொல்லலை, பிறகு சொன்னாங்க. அந்தச் செடியோட அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து, கேரளத்துல பாலோடுங்கிற ஊர்ல இருக்கிற தாவரவியல் பூங்கா, சோர்வு போக்கும் ஜீவனி மருந்தைச் செஞ்சது. 1995இல் கோவை ஆர்ய வைத்திய ஃபார்மசிக்கு உரிமம்: பத்து லட்ச ரூபாய், விற்பனையில ரெண்டு சதவீதம். அதுல பாதி காணிகளுக்கு. அந்தப் பணத்துக்காக 1997இல் காணிகளோட டிரஸ்ட் பதிவாச்சு. இந்தப் பங்கீட்டு ஏற்பாட்டுக்கு 2002இல் ஐநா விருதுகூடக் கிடைச்சுது.

ஆனா செடி எங்க? காட்டுக்குள்ள மர நிழல்ல வளர்ந்தாத்தான் இலைக்குக் குணம். வனத்துறை எடுக்க விடலை, வெளியில திருட்டுத்தனமா பிடுங்கினாங்க, சரக்கு ஒழுங்கா வரலை. அந்த டிரஸ்ட் கேரளத்துக் காணிகளுக்கு. மலைக்கு இந்தப் பக்கம் இஞ்சிக்குழி, சேர்வலாறு, மயிலாறுல இருக்கிறவங்களும் காணிகள்தான், அதே செடியை அறிஞ்சவங்கதான். அவங்க அந்தக் கணக்குல இல்லை.

குறிஞ்சிநாடன்:
நீங்கள் சொல்வது பழங்குடி அறிவை எடுத்துக்கொண்ட வழக்கு. நான் சொல்வது யாரையும் கேட்காமல், வரிசையாக எல்லாச் செடியையும் சலிப்பது. அதில் யார் அறிவையும் எடுக்கவில்லையே?

பொதிகைச்சாரல்:
எந்த மரம் எந்த ஓடைக்கு மேல நிக்குது, எந்த மாசம் காய்க்கும்னு உங்களுக்கு யாரு காட்டப்போறா? களக்காடு முண்டந்துறைக்குள்ள வழிகாட்டியும் வாட்சரும் யாரு? அவங்களை முன்னால நடக்க விட்டுட்டு "யாரையும் கேட்கலை"ன்னா எப்படி? குயின்ஸ்லாந்துலயே அந்த மண்ணோட பூர்வகுடி அறிவைப் பயன்படுத்தினா ஒப்பந்தம் போடணும்னு 2020இல் சட்டத்தைத் திருத்திட்டாங்க.

கிள்ளான்வாசி:
மலேசியாவிலிருந்து ஒரு தகவல். 1987இல் சரவாக்கில் பிந்தாங்கோர் மரத்தின் இலையும் கிளையும் எடுத்துப் போனார்கள். எச்ஐவியைத் தடுக்கும் கலனோலைட் ஏ என்ற பொருள் அதில் இருந்தது. மீண்டும் எடுக்க ஆள் வந்தபோது அந்த மரமே இல்லை, வெட்டிவிட்டார்கள். அதே இனத்தின் வேறு மரங்களில் தேடினால் அந்த அளவுக்கு இல்லை. கடைசியில் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் நின்ற மரம் கைகொடுத்தது. 1996இல் சரவாக் அரசே அமெரிக்கக் கம்பெனியுடன் கூட்டு நிறுவனம் தொடங்கியது. மனிதர்களிடம் சோதனை வரை போனது, மருந்துக் கடைக்கு வரவில்லை. ஆனாலும் எங்கள் ஆட்கள் ஒன்று கற்றுக்கொண்டார்கள்: 1997இல் சரவாக் பல்லுயிர் மையத்துக்குச் சட்டம் போட்டார்கள். அதன் பிறகு யாரும் சும்மா வந்து பை நிரப்பிக்கொண்டு போக முடியாது.

மருந்துக்கடை அண்ணாச்சி:
அந்த ஆஸ்திரேலியா மரத்து மருந்தைப் பத்தி எம்மவன் படிச்சுச் சொன்னான். ஸ்டான்ஃபோர்டுல அதை 2022இல் செயற்கையா செஞ்சுட்டானாம். எதுல இருந்து தெரியுமா? நேர்வாளக் கொட்டை! நம்ம கடையில விஷம் நீக்கிச் சுத்தி பண்ணி வெச்சிருக்கிற அதே நேர்வாளம். மழைக்காடும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.

ரசாயனத்தான்:
அண்ணாச்சி சொன்னது உண்மை. நேர்வாள விதையில் உள்ள ஃபோர்பால் என்ற சேர்மத்தில் இருந்து தொடங்கி அதைக் கட்டினார்கள். ஆனால் எதைக் கட்ட வேண்டும் என்று சொன்னது காட்டு மரம். அந்த அளவுக்குக் குறிஞ்சிநாடன் பக்கம் ஒரு புள்ளி போடுகிறேன்.

அதற்காக ஏழாயிரமும் வேண்டாம் தம்பி. ஆமணக்குக் குடும்பத்தில் நம் மலைக்கே உரிய சிறு மரங்களை மட்டும் எடுங்கள். அந்த ஆஸ்திரேலிய மருந்தும் ஃபோர்பாலும் சேர்ந்த டைகிளேன் வகைச் சேர்மம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கேள்வி குறுகினால் டானின் தொல்லையும் குறையும். கச்சாச் சாறு மில்லிலிட்டருக்கு 20, 30 மைக்ரோகிராமுக்குள் வேலை செய்யவில்லை என்றால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் எந்தச் செடி என்று பிறகு சரிபார்க்க, உலர்த்தி ஒட்டிய செடியை ஹெர்பேரியம் என்ற மாதிரிக் காப்பகத்தில் வையுங்கள். இது இல்லாமல்தான் பாதி ஆய்வு குப்பைக்குப் போகிறது.

குறிஞ்சிநாடன்:
குறுக்குவதை ஏற்க மாட்டேன் சார். ஆமணக்குக் குடும்பத்தில் டைகிளேன் இருக்கும் என்பது முன்பே தெரியும். தெரிந்த இடத்திலேயே தேடினால் தெரிந்ததுதான் வரும். கேம்ப்டோதெசின் மாதிரிக் கட்டமைப்பை 1966க்கு முன் எவன் எதிர்பார்த்தான்? முதல் சுற்றுக்கு நூறு மரம் என்று வேண்டுமானால் குறைத்துக்கொள்கிறேன், ஆனால் குடும்பம் பார்த்துப் பொறுக்க மாட்டேன். மரத்தை வெட்டவும் வேண்டாம். உதிர்ந்த பழம், விதை, கைப்பிடி இலை போதும்.

பொதிகைச்சாரல்:
முதல் சுற்றுக்குப் போதும். ரெண்டாவது சுற்றுக்கு? நர்க்யாவை வெட்டினது ஆராய்ச்சிக்காரன் இல்லை, அவன் கட்டுரையைப் படிச்ச வியாபாரி. அதுக்கு உங்க திட்டத்துல என்ன பதில்?

அனுமதி விஷயமும் சொல்லிடுதேன். தரமணியில இருக்கிற தேசியப் பல்லுயிர் ஆணையத்துக்கும் வனத்துறைக்கும் மனுப் போட்டா முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க. 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 3(1)(k) இருக்கு, பல்லுயிர் பத்தின மரபறிவுக்கும் அறிவுசார் சொத்துக்கும் சமூக உரிமைன்னு அதுல தெளிவா இருக்கு. கிராம சபையில காணிகள் முன்னால வெச்சு, எந்த நூறு மரம், யாரு கூட வருவா, கிடைச்சா யாருக்கு எவ்வளவுன்னு எழுதிட்டு வாங்க. ரெண்டு மாநிலத்துக் காணிகளுக்கும் சேர்த்து.

ரசாயனத்தான்:
அதோடு இன்னொரு செலவுத் தலைப்பும் சேருங்கள்: நாற்றங்கால். சலிப்பில் தேறும் ஒவ்வொரு மரத்துக்கும் விதை முளைக்க வைத்து, சேர்மத்தின் பெயரை வெளியிடுவதற்கு முன்பே கன்று கைவசம் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாக்காரர்கள் அந்த மரத்தைத் தோட்டமாகவே வளர்க்கிறார்கள். என் கணக்கில் சாறு இறக்கும் செலவைவிட இது கூட வரும்.

குறிஞ்சிநாடன்:
கன்று தயாராகும் வரை கட்டுரை வெளியிடாதே என்றால் எந்த மாணவன் இதில் பிஎச்டி செய்வான் சார்? அவனுக்கு ஐந்து வருடம்தான் உதவித்தொகை.

பொதிகைச்சாரல்:
சேர்மத்தை வெளியிடட்டும், மரம் நிக்கிற இடத்தை வெளியிட வேண்டாம். அதுக்கு உங்க பல்கலைக்கழகம் ஒத்துக்குமான்னு கேட்டுட்டு வாங்க.