பழைய கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறேன்: ஆர்டிஎக்ஸ் 3070-ஆ, ஆர்எக்ஸ் 6800-ஆ?

நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். கைமாறி வரும் கார்டு ஒன்று வாங்கப் பார்க்கிறேன். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3070, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6800 இரண்டுமே 2020 கடைசியில் வந்தவை. வந்த புதிதில் எழுதப்பட்ட ஒப்பீடுகளை இன்றைக்கு எவ்வளவு நம்பலாம் என்பதுதான் குழப்பம்.

பழைய கதை ஒன்று நினைவிருக்கும். 2013-இல் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 780 டிஐ வந்தபோது ஏஎம்டியின் ஆர்9 290எக்ஸை முந்தியது. சில வருடங்களில் பல விளையாட்டுகளில் நிலைமை தலைகீழானது. 3 ஜிபிக்கு எதிரே 4 ஜிபி நினைவகம் ஒரு காரணம். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இரண்டிலும் ஏஎம்டி சிப் இருந்ததால் விளையாட்டுகளே அந்தக் கட்டமைப்புக்கு ஏற்ப எழுதப்பட்டது இன்னொரு காரணம். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரும் மெல்ல மெல்லத் தேறியது. 'ஏஎம்டி பழசாகப் பழசாக ருசிக்கும்' என்ற பேச்சு அப்படி வந்ததுதான். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். தொடக்கத்திலேயே டிரைவர் சரியாக இருந்திருக்கலாமே!

இப்போது 3070-இல் 8 ஜிபி, 6800-இல் 16 ஜிபி. டெக்ஸ்சரை (பொருட்களின் மேற்பரப்புப் படங்களின் தரத்தை) உச்சத்தில் வைத்தால் 8 ஜிபி திணறும், சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை பிரேம்) நன்றாகத் தெரிந்தாலும் இடையிடையே காட்சி வெட்டும். அதேசமயம் ஒளியின் பாதையைக் கணக்கிட்டு நிழல், பிரதிபலிப்பைக் காட்டும் ரே டிரேசிங்கில் 3070 வலுவானது. குறைந்த துல்லியத்தில் வரைந்த காட்சியை ஏஐ மூலம் பெரிதாக்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ்-க்கு 2025-இல் வந்த புதிய மாடலும் அதில் ஓடும். அதற்குப் போட்டியான எஃப்எஸ்ஆர் 4-ஐ ஏஎம்டி ஆர்எக்ஸ் 9000 வரிசைக்கென்றுதான் வெளியிட்டது.

நான் ஆடுவது 1440பி திரைத் துல்லியத்தில், பெரும்பாலும் கதை விளையாட்டுகள். இவற்றில் ஒன்றை இரண்டு மூன்று வருடமாக வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்: புது விளையாட்டுகளில் எதை முதலில் குறைக்க வேண்டி வந்தது? வெட்டல் உண்டா? அப்புறம், பவர் சப்ளை எத்தனை வாட் வைத்திருக்கிறீர்கள்?