16-ஆல் வகுத்தால் போதாதா, மரச் சட்டத்தை முறுக்கித்தான் அளக்கணுமா?

சட்டம்50: 50×100 மி.மீ. சட்டம் ஒவ்வொன்றையும் முறுக்கிப் பார்ப்பது வெட்டி வேலை. வளைத்து யங் குணகம் (நீளவாக்கில் இழுவைக்கும் அமுக்கத்துக்கும் மரம் காட்டும் விறைப்பு) எடுங்க, 16-ஆல் வகுங்க, விறைப்புக் குணகம் (முறுக்குக்கும் நழுவலுக்கும் காட்டும் விறைப்பு) வந்துடும். ஐரோப்பிய மரத் தர நிர்ணயமான ஈஎன் 338 பட்டியலில் சி24 என்ற மரத் தரத்துக்கு யங் குணகம் 11,000-மும் விறைப்புக் குணகம் 690 மெகாபாஸ்கலும் இருப்பது அந்தக் கணக்கில்தான்.

முறுக்காணி: அது தரத்துக்கான சராசரி சார், கையில் இருக்கும் சட்டத்துக்கு இல்லை. கணு இருந்தால் யங் குணகம் விழும், விறைப்புக் குணகம் கூடவே விழணும்னு இல்லை. வெடிப்பில் கதை தலைகீழ். 100 மி.மீ. முகத்தின் நடுவில் வெடிப்பு முழுத் தடிமனுக்கும் ஓடி, சட்டம் இரண்டு 50×50 ஆயிட்டா முறுக்கு விறைப்பில் ஏறக்குறைய 40% காலி. முனையில் சுத்தியலால் தட்டி நீளவாக்கு அதிர்வெண் எடுத்து யங் குணகம் கணக்கிட்டால் அந்த வெடிப்பு தெரியவே தெரியாது.

சட்டம்50: அப்போ தாங்கிகளின் இடைவெளியை மாற்றி மாற்றி வளைங்க. வெட்டு விசையின் (மர அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்று நழுவ வைக்கும் விசை) பங்கு தனியா பிரிஞ்சு வருமே.

முறுக்காணி: வரும், ஆனா இடைவெளி உயரத்தைப் போல 18 மடங்கு என்றால் அந்தப் பங்கு வளைவுத் தொய்வில் 6%தான். 5 மடங்காகக் குறைச்சா 77% ஆகும், ஆனா தாங்கியில் மரம் நசுங்குவதும் தொய்வுக் கணக்கில் ஏறிடும்.

வெர்னியர்: முறுக்குவதுன்னா ஒழுங்கா முறுக்குங்க. 690 மெகாபாஸ்கல் சட்டத்துக்கு 100 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் 1 மீட்டர் நீளத்தில் திரும்புவது 2.9 டிகிரிதான். 0.1 டிகிரி காட்டும் சாய்வுமானி அங்கேயே 3% தின்னுடும், 0.01 வேணும். இரண்டு சாய்வுமானிகளைச் சட்டத்திலேயே பொருத்துங்க, சட்டத்தின் முனையைக் கவ்வும் தாடையிலிருந்து 200 மி.மீ. தள்ளி. மெஷின் தலையின் கோணத்தை எடுத்தால் தாடை மரத்தில் பதிவதும் சேர்ந்து, சட்டம் இளகலா இருக்கிற மாதிரி காட்டும். ஒரு முனை நீளவாக்கில் நகர வழி விடுங்க. ஒரு பக்க நெம்புகோலில் மட்டும் எடை தொங்கவிட்டா சட்டம் வளையவும் செய்யும். கப்பி வைத்து இரு பக்கமும் எதிரெதிரா இழுக்கணும். சுமையைப் பிடித்து வைத்துக்கொண்டே இருக்காதீங்க, கோணம் ஊர்ந்துகிட்டே போகும்.

தடிமனை ஐந்து இடத்திலாவது அளங்க. கணக்கில் அது முப்படி: 50-ல் 1 மி.மீ. பிசகினா விடையில் 6%. முறுக்கு மாறிலி (முறுக்கைத் தாங்குவதில் குறுக்குவெட்டின் வடிவம் தரும் பங்கு) 0.229 × 100 × 50 முப்படி. சிலர் வட்டத் தண்டுக்கான துருவ நிலைமத் திருப்புத்திறனை இங்கேயும் போடுவாங்க, விடை 55% ஆகச் சுருங்கிடும். பாவம், மரத்தைத் திட்டுவாங்க.

சட்டம்50: எல்லாம் சரி. முறுக்கும்போது ஆண்டு வளையத்துக்கு நெடுக்கும் குறுக்குமா இரண்டு தளமும் கலந்துடுதே? வளைவில் ஒரு தளம்தான். எந்தக் குணகத்தை அளந்தீங்க?

முறுக்காணி: 50×50-க்கு உங்க பேச்சு சரி, கலவைதான் கிடைக்கும். 50×200 மாதிரி தட்டையானதில் அகல முகத்தின் தளமே பெரும்பாலும் விடையைத் தீர்மானிக்கும். உயரவாக்கில் வளைத்தாலும் வேலை செய்வது அதே தளம்தான். பக்கவாட்டில் புரண்டு சாயும் ஆபத்து இருப்பதும் இந்தத் தட்டை உத்தரங்களில்தானே.

வெர்னியர்: எந்த முறையானாலும் ஈரப்பதத்தைக் குறிச்சு வைங்க. 12%-ல் அளந்ததையும் 20%-ல் அளந்ததையும் ஒரே அட்டவணையில் போட்டுட்டு அப்புறம் சண்டை போட வேண்டாம்.

சட்டம்50: தட்டைச் சட்டத்துக்கு ஒத்துக்கிறேன். சதுரத்துக்கு இல்லை.