மேடு ஏறும்போது திடீர்னு புல்லிங் போயிடுது. டர்போ போச்சா?

பழையவண்டி_13:
வண்டி 13 வருஷம் பழசு, டீசல், காமன் ரெயில், விஜிடி டர்போ. 1,40,000 கிமீ ஓடினது. நான் வாங்கி நாலு மாசம் ஆகுது. மேட்டுல மூணாவது கியர்ல நல்லா மிதிச்சா, 2500 ஆர்பிஎம் பக்கத்துல பின்னாடி யாரோ பிடிச்சு இழுக்கிற மாதிரி ஆகிடுது. என்ஜின் லைட் எரியும். அதுக்கப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் 3000 தாண்டாது. ஓரமா நிறுத்தி சாவியை அணைச்சுப் போட்டா, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது! மெக்கானிக் டீசல் ஃபில்டர் மாத்தினார், ஸ்கேனர்ல எரர் கோடை அழிச்சார். மூணு நாள்ல மறுபடியும் அதே கதை. இப்போ டர்போ மாத்தணும்ங்கிறார். மாத்திடலாமா?

ஸ்பேனர்பாய்:
டீசல்ல தண்ணி இருக்கும் ப்ரோ. டேங்கை க்ளீன் பண்ணுங்க.

கரும்புகை:
அவசரப்படாதீங்க தம்பி. அணைச்சுப் போட்டா சரியாகுதுன்னா, ஈசியு (என்ஜினோட கம்ப்யூட்டர்) தானாவே பவரைக் குறைச்சு வண்டியைக் காப்பாத்துதுன்னு அர்த்தம். அதுக்குப் பேர் லிம்ப் மோட். அது எதைப் பார்த்துப் பயந்துச்சுன்னு கோட்லதான் எழுதியிருக்கும். அதைப் படிக்காம அழிச்சதுதான் முதல் தப்பு. கோடு விழுந்த நொடியில ஆர்பிஎம், லோடு எல்லாம் எவ்வளவு இருந்துச்சுன்னு ஃப்ரீஸ் ஃப்ரேம்ல பதிவாகியிருக்கும், அதுவும் சேர்ந்தே அழிஞ்சிருக்கும்.

ஒரு கேள்வி: பவர் போகும்போது கண்ணாடியில பின்னாடி கரும்புகை தெரியுதா?

தெரிஞ்சா டீசல் போதுமான அளவு போகுது, டர்போ அழுத்தி அனுப்புற காத்துதான் பத்தல. புகையே இல்லாம திணறினா எரிபொருள் பக்கம் பாருங்க: ஃபில்டர், பம்ப், ரெயில் பிரஷர் (இன்ஜெக்டருக்குப் போற டீசலோட அழுத்தம்). பி0299 வந்தா பூஸ்ட் (டர்போ தர்ற காத்தழுத்தம்) குறைவு. பி0234 வந்தா பூஸ்ட் அதிகம், விஜிடி இறக்கைகள் (டர்போவுக்குள்ள புகை போற வழியை மாத்துறது) கரி பிடிச்சு மாட்டிக்கிற வண்டியில அடிக்கடி வரும். பி0087 வந்தா ரெயில் பிரஷர் குறைவு. மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

பழையவண்டி_13:
அண்ணா, புகை வருது. பின்னாடி வந்தவர் ஹாரன் அடிச்சே சொன்னார்.

கரும்புகை:
அப்போ ஒரு ப்ளூடூத் ஸ்கேனர் கடன் வாங்குங்க. என்ஜின் ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன் பண்ணி மேப் சென்சார் (இன்டேக்ல காத்தழுத்தத்தை அளக்கிறது) ரீடிங்கைப் பாருங்க. 100 கேபிஏ பக்கம் இருக்கணும் (உயரமான ஊர்னா குறையும்). அதுவே தப்பா இருந்தா சென்சாரைப் பாருங்க. சரியா இருந்தா மேட்டுல முழுசா மிதிங்க. போனைப் பக்கத்துல உக்காந்திருக்கிறவர் பார்க்கட்டும், நீங்க ரோட்டைப் பாருங்க. நல்ல டர்போன்னா சாதாரணமா 180-ஐத் தாண்டிப் போகும்.

ஏறாம நின்னாலோ, ஏறிட்டுச் சடார்னு விழுந்தாலோ, டர்போவைச் சந்தேகப்படுறதுக்கு முன்னாடி பைப்புகளைப் பாருங்க. டர்போல இருந்து இன்டர்கூலர் (காத்தைக் குளிர வைக்கிறது), அங்கிருந்து இன்டேக் வரைக்கும் போற ரப்பர் பைப். வெளியில பார்த்தா நல்லாத்தான் தெரியும். கையை அடியில விட்டுத் தடவுங்க. கிளாம்ப் பக்கத்துலயும், எதுலயாவது உரசுற இடத்துலயும் கீறல் இருக்கும். ஐடிலிங்ல மூடிக்கும், பிரஷர் ஏறினாதான் வாய் திறக்கும். அந்த இடத்துல எண்ணெய் கலந்த கரி ஈரமா ஒட்டியிருக்கும். உள்ளே லேசா எண்ணெய் இருக்கிறது சகஜம், அதைக் காட்டி டர்போ போச்சுன்னு சொல்றவங்க நிறைய.

கூடவே விஜிடி இறக்கைகளை நகர்த்துற ஆக்சுவேட்டருக்குப் போற மெல்லிசு வாக்யூம் குழாயையும் பாருங்க. உங்க டர்போல வாக்யூம் ஆக்சுவேட்டர்னா பெரும்பாலும் ஸ்டார்ட் ஆனதும் ராட் நகரும், அணைச்சா திரும்பும். அசையவே இல்லன்னா குழாயோ, வாக்யூமைக் கட்டுப்படுத்துற சோலனாய்டு வால்வோதான் சந்தேகம்.

டர்போவைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஷாஃப்ட்டைப் பிடிச்சு ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்க. பக்கவாட்டுல கொஞ்சம் ஆடும், அது பரவாயில்ல. முன்னும் பின்னும் ஆடினாலோ, சுத்துற சக்கரத்தோட இறக்கை வெளிக்கூட்டுல உரசின தடம் இருந்தாலோ மட்டும் பேசலாம்.

பழையவண்டி_13:
கோடு பி0299. சாவி ஆன்ல 99. மேட்டுல 165 வரைக்கும் போய் அப்படியே 110-க்கு விழுந்துச்சு, லைட்டும் எரிஞ்சுது. அடியில தடவினேன். இன்டர்கூலர் கீழ்ப்பைப் ஒரு பிராக்கெட்ல உரசி, விரல் நீளத்துக்குக் கிழிஞ்சிருக்கு. கையெல்லாம் கருப்பு. டேப் சுத்தி ஓட்டலாமா?

கரும்புகை:
நானும் ஒருமுறை டேப் சுத்தினேன், வீடு வந்து சேர்றதுக்குள்ள அவுந்துடுச்சு. பைப்பை மாத்துங்க, பிராக்கெட்டையும் வளைச்சு விடுங்க, இல்லன்னா புதுசும் கிழியும். அதுவரைக்கும் மிதிக்காதீங்க. கசியிற காத்தை ஈடுகட்ட டர்போ வேகமா சுத்தும், நல்லா இருக்கிறதும் கெட்டுடும்.

பழையவண்டி_13:
மாத்தியாச்சு அண்ணா. அதே மேடு, அதே கியர், 194. லைட் எரியல. கிழிஞ்ச பைப்பை டிக்கியிலயே வெச்சிருக்கேன், மெக்கானிக்கிட்ட காட்டணும்.