10-க்கு 9 அடி அறையில் தையலும் ஒட்டுப்போர்வையும்: ஒழுங்குபடுத்துவதை எங்கிருந்து தொடங்குவது?

பஞ்சுமூட்டை, சத்துவாச்சாரி:

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் மாடிப் போர்ஷன் ஒன்றில் குடியிருக்கிறோம். 10 அடிக்கு 9 அடி அளவுள்ள அறையைத் தையலுக்கென்று ஒதுக்கி ஏழு வருடங்கள் ஆகின்றன. தெருவில் உள்ளவர்களுக்கு ஜாக்கெட், சுடிதார் தைப்பது, சேலைக்கு ஃபால்ஸ் அடிப்பது ஆகியவை வருமானத்துக்கான வேலைகள். மூன்று வருடங்களாகத் துண்டுத்துணிகளை இணைத்து ஒட்டுப்போர்வையும் தைத்து வருகிறேன். அது மனதுக்கான வேலை. இரண்டும் ஒரே மேசையில்தான் நடக்கின்றன என்பதால் வந்த வினையைச் சொல்லிவிட்டுக் கேள்வியைக் கேட்கிறேன்.

சென்ற மாதம் வாடிக்கையாளர் ஒருவர் தம் மகளின் வளைகாப்புக்கென்று கத்தரிப்பூ நிறத்தில் 80 சென்டிமீட்டர் காட்டன் ஜாக்கெட் துணி கொடுத்துவிட்டுப் போனார். அதே நிறத்தில் என்னிடமும் ஒரு துணி இருந்தது. ஒரு மதியம் குழந்தைப் போர்வைக்காகச் சதுரங்கள் வெட்டிக்கொண்டிருந்தபோது, எந்தத் துணியைக் கையில் எடுத்தேன் என்பதைப் பாராமலே நான்காக மடித்துக் கத்தரியை ஓட்டிவிட்டேன். விழாவுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவர் வந்து கேட்டபின்தான், வெட்டிய சதுரங்களின் ஓரத்தில் இருந்த மெல்லிய பச்சைக் கரை என் கண்ணில் பட்டது. லாங்கு பஜாரில் கடை கடையாக ஏறி இறங்கி ஏறக்குறைய அதே நிறத்தில் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தேன். அவர் ஒரு வார்த்தையும் குறை சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வரவும் இல்லை.

அறையில் ஒரு பீரோவும், சுவரோடு ஒட்டிய மர அலமாரி ஒன்றும், மேற்குப் பார்த்த ஜன்னல் ஒன்றும் உள்ளன. பரணில் ஏழு மூட்டை துண்டுத்துணி கிடக்கிறது. அவற்றில் குடியாத்தத்து லுங்கித் துண்டுகளும் உண்டு, ஜாக்கெட் வெட்டிய மிச்சமும் உண்டு. தரையில் பாய் விரித்து வெட்டுவதால் முழங்கால் வலிக்கிறது. பெரிய பிளாஸ்டிக் டப்பாக்கள் ஒரு டஜன் வாங்கிவிட்டால் எல்லாம் அடங்கிவிடும் என்று நினைக்கிறேன். என் வீட்டுக்காரரோ, மூட்டைகளைப் பழைய துணிக்காரரிடம் போட்டுவிட்டால் டப்பாவே தேவைப்படாது என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றாக இருக்கும்.

ஊசிக்கண், குடியாத்தம்:

சகோதரிக்கு வணக்கம். இருபது வருடங்களுக்கு மேல் பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் சொல்கிறேன்: டப்பாவை இப்போது வாங்காதீர்கள். எதை எங்கே வைப்பது என்று தீர்மானிக்காமல் வாங்கிய டப்பாவுக்குள் குப்பைதான் மூடி போட்டு உட்கார்ந்துகொள்ளும்.

பிறர் துணியும் நம் துணியும் ஒரே பரப்பில் படக்கூடாது என்பதுதான் முதலில் செய்ய வேண்டிய ஏற்பாடு. ஆர்டர் வந்தவுடன், அந்த நிமிடமே, ஜாக்கெட் துணி, லைனிங், அளவு ஜாக்கெட், கொக்கி, நூல் எல்லாவற்றையும் ஒரே துணிப்பையில் போட்டு, பெயர், கொடுத்த தேதி, கேட்கும் தேதி, கழுத்தின் மாதிரி ஆகியவற்றை எழுதிய அளவுச்சீட்டைப் பையின் வாயில் குண்டூசியால் குத்திவிடுங்கள். பைகளைச் சுவரில் அறைந்த ஒரு கம்பியில் கேட்கும் தேதி வரிசையில் மாட்டினால், இன்று எதை எடுக்க வேண்டும் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கவரைவிடப் பழைய வேட்டியில் தைத்த பை நல்லது. வழுக்கி விழாது, வியர்க்காது.

ஒரு பையை மேசைக்குக் கொண்டுவரும்போது மேசை காலியாக இருக்க வேண்டும். வெட்டி முடித்ததும் துண்டுகளை மீண்டும் அதே பையில் போட்ட பிறகே அடுத்த பை இறங்க வேண்டும். இன்னொன்றையும் கண்டிப்பாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். வெட்டு மிச்சம் வாடிக்கையாளருடையது. அதை மடித்து ஜாக்கெட்டோடு திருப்பிக் கொடுங்கள். அவர்களாக "நீயே வைத்துக்கொள்" என்று சொன்னால் மட்டும் உங்கள் மூட்டைக்குப் போகட்டும். ஏழு மூட்டையில் பாதி இப்படித்தான் சேர்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

முழங்கால் வலிக்குக் காரணம் பாய்தான். நின்றுகொண்டு வெட்டுவதற்கு மேசை ஏறக்குறைய 36 அங்குல உயரம் இருந்தால் இடுப்பு வளையாது, அதாவது உங்கள் சமையல் மேடையின் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு மேசைகள் பெரும்பாலும் 30 அங்குலம்தான் இருக்கும். கால்களுக்கு அடியில் தச்சரிடம் சொல்லிக் குழி எடுத்த மரக்கட்டைகளை வைத்தால் போதும், புதிய மேசை தேவையில்லை.

பாவுநூல், ஆரணி:

ஆரணி 1989-இல் திருவண்ணாமலை மாவட்டத்தோடு போய்விட்டாலும் நாங்கள் இன்னும் வடாற்காட்டுக்காரர்கள்தான் என்ற உரிமையில் எழுதுகிறேன். ஊசிக்கண் அம்மா ஆர்டர் பக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். நான் மூட்டைப் பக்கத்துக்கு வருகிறேன்.

துண்டுத்துணியைப் பலரும் நிறவாரியாக அடுக்குவார்கள். பார்ப்பதற்கு அழகாக இருக்கும், இரண்டு வாரம் இருக்கும். நான் அப்படிச் செய்து கைவிட்டவள். ஒரு சிவப்புத் துண்டு உள்ளங்கை அளவா, ஒரு முழமா என்று தெரியாமல் ஒவ்வொரு முறையும் முழு அடுக்கையும் கலைக்க வேண்டியிருந்தது. இப்போது நூலின் வகையை முதலிலும், அளவை இரண்டாவதாகவும் பார்க்கிறேன், நிறம் கடைசியில்தான். பருத்தி தனி, பட்டு தனி, பாலியஸ்டர் லைனிங் தனி. இவற்றைக் கலந்து தைத்த போர்வையை ஒருமுறை துவைத்துப் பாருங்கள், பருத்தி சுருங்கி, பாலியஸ்டர் அப்படியே நின்று, சேர்ந்த இடமெல்லாம் பூரிபோல உப்பிக்கொள்ளும்.

பருத்தித் துண்டுகளை மூட்டையாகவே வைத்திருப்பதுதான் தவறு. வந்த வாரமே வெட்டிவிட வேண்டும். எனக்கு இரண்டு அளவுகள் போதும்: 5 அங்குலச் சதுரம், இரண்டரை அங்குலச் சதுரம். ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் தையலுக்குப் போக, 5 அங்குலச் சதுரம் நாலரை அங்குலமாக நிற்கும். அகலத்துக்கு 8, நீளத்துக்கு 10 என்று 80 சதுரங்கள் இருந்தால் 36-க்கு 45 அங்குலத்தில் ஒரு குழந்தைப் போர்வை ஆகிவிடும். ஆகவே 80 எண்ணி ஒரு நாடாவால் கட்டி வைத்தால், அலமாரியில் இருப்பது துணிக்குவியலாக இராது, தைக்கக் காத்திருக்கும் போர்வையாக இருக்கும். இரண்டரை அங்குலத்துக்கும் குறைந்ததை நான் வைத்துக்கொள்வதில்லை, கால்மிதிக்குப் போய்விடும். துணிமேல் வைத்து அளவாக வெட்டுவதற்கான அச்சுக்குக் கடையில் போய் எதுவும் வாங்க வேண்டாம். வேலூரில் பழைய எக்ஸ்ரே பிலிம் இல்லாத வீடும் உண்டா? அதில் வெட்டிய சதுரம் வளையாது, கிழியாது, அடியில் இருக்கும் பூவும் தெரியும்.

லுங்கித் துண்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டம் போட்ட துணியில் கட்டமே அளவுகோல் என்று நினைத்துக் கோட்டின் மேலேயே வெட்டத் தோன்றும். கைத்தறியில் கட்டத்தின் நீளமும் அகலமும் எப்போதும் ஒன்றாக இராது, ஆகவே அச்சை வைத்தே வெட்டுங்கள். அதற்கு முன்பாக, அடர்ந்த சிவப்பையும் நீலத்தையும் தனித்தனி வாளியில், தண்ணீர் நிறம் மாறாமல் தெளிவாக வரும்வரை நனைத்து, நிழலில் உலர்த்துங்கள். நனைத்தவற்றுக்கும் நனைக்காதவற்றுக்கும் இரண்டு தனிக் கூடைகள் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் ஞாபகத்தை நம்பி ஒரு வெள்ளைப் போர்வையை ரோஜா நிறமாக்கியவள் நான்.

பட்டுத் துண்டுகள் இருந்தால் பிளாஸ்டிக்கில் அடைக்காதீர்கள். ஈரம் உள்ளே நின்று ஜரிகை கறுத்துவிடும். மல் துணியில் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். அந்துருண்டை ஜரிகையில் படாதபடி தனியே முடிந்து வைக்க வேண்டும். கஞ்சி போட்ட துணியை அப்படியே மடித்து வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்தது போலாகும். கஞ்சியைத் தைக்கிற அன்று போட்டுக்கொள்ளலாம்.

எண்ணெய்க்கிண்ணம், காட்பாடி:

நான் தைப்பவன் அல்லன், தையல் மெஷின் பழுது பார்ப்பவன். வீடு வீடாகப் போகிறவன் என்பதால் பல தையல் அறைகளைப் பார்த்திருக்கிறேன். துணி கலைந்த அறையைவிட ஊசி கலைந்த அறைதான் எனக்குப் பயம்.

மெஷினின் இழுப்பறையில் புது ஊசி, பழைய ஊசி, முனை மழுங்கியது எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பட்டுக்கு 11-ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16 என்று பிரித்து, புது ஊசிகளை அவை வந்த உறையிலேயே வையுங்கள். ஒட்டுப்போர்வைக்குப் பஞ்சும் சேர்த்து மூன்று அடுக்கைக் குத்த வேண்டியிருப்பதால் 14-க்குக் குறைந்ததைப் போடாதீர்கள். பாதி ஓடிய ஊசியை மாற்றி எடுக்கும்போது, தடித்த துணித்துண்டு ஒன்றில் எண்ணெழுதிய மூன்று கட்டம் வரைந்து, அந்தந்தக் கட்டத்தில் குத்தி வைத்தால் அடுத்த முறை குழப்பம் வராது. வீட்டு மெஷின் ஊசியின் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், பவர் மெஷின் ஊசி முழு உருண்டை. இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டு, தையல் விடுகிறது என்று எனக்கு ஆள் அனுப்புகிறவர்கள் உண்டு. உடைந்த ஊசியை மாத்திரை டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைத் துணியில் கட்டி, கடையடைக்கும் நேரத்தில் தரையில் ஒருமுறை இழுத்தால், குழந்தைகள் நடக்கிற வீட்டில் நிம்மதியாக இருக்கலாம்.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். மார்கழி விடியலில் பாட்டிலில் உறைகிற அந்த எண்ணெய் மெஷினுக்குள்ளும் அதையேதான் செய்யும், நாளாக ஆகப் பிசினாகவும் பிடித்துக்கொள்ளும். மெஷின் எண்ணெய் டப்பாவைத் துணி அலமாரியில் வைக்காமல் மெஷினுக்குக் கீழே ஒரு தட்டில் வையுங்கள். ஒட்டுப்போர்வை தைத்த பிறகு, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் பஞ்சு அடைந்திருக்கும், தகட்டைக் கழற்றிப் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

நிழற்கூடை, வாலாஜாபேட்டை:

மேற்கு ஜன்னலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! அக்கினி நட்சத்திர வெயில் ஒரு மாதம் பட்டால் மடிப்பின் வெளிப்பக்கம் மட்டும் வெளுத்துக் கோடு விழும், நூல்கண்டும் இற்றுப்போகும். நூலை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள், சட்டென்று அறுந்தால் அந்தக் கண்டைத் தூக்கிப்போடுங்கள். உருளைக் கத்தியால் வெட்டும்போது அடியில் விரிக்கும் கட்டிங் மேட் வைத்திருந்தால், அதையும் ஜன்னலோரம் சாய்த்து வைக்க வேண்டாம், சூட்டில் நெளிந்துவிடும், கட்டிலுக்கு அடியில் படுக்கை வசமாகக் கிடக்கட்டும். மர அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை நகர்த்துங்கள். கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும்.

பஞ்சுமூட்டை, சத்துவாச்சாரி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். டப்பா வாங்கவில்லை. பழைய வேட்டிகள் இரண்டைக் கிழித்து 14 பைகள் தைத்துக் கம்பியில் மாட்டிவிட்டேன். மேசையைக் கட்டை வைத்து உயர்த்தியாயிற்று. அலமாரியை நகர்த்தியபோது பின்னால் கரையான் மண் ஒரு சாண் உயரத்துக்கு ஏறியிருந்தது, நல்லவேளை துணியை எட்டவில்லை.

மூட்டைகளில் ஐந்தைப் பிரித்து முடித்திருக்கிறேன். 80 சதுரங்கள் கொண்ட கட்டுகள் நான்கு தேறின. லைனிங் துண்டுகள் ஒரு முழு மூட்டை இருந்தன. அதை மட்டும் வீட்டுக்காரர் சொன்னபடி பழைய துணிக்காரரிடம் போட்டேன், அவருக்கும் ஒரு வெற்றி இருக்கட்டும். நிறவாரியாக அடுக்க வேண்டாம் என்ற ஆரணி அம்மாவின் பேச்சை முழுதும் கேட்க முடியவில்லை. 5 அங்குலக் கட்டுகளுக்குள் மட்டும் வெளிர்நிறம், அடர்நிறம் என்று இரண்டாகப் பிரித்திருக்கிறேன், தைக்கும்போது அது எனக்கு வசதியாக இருக்கிறது.

நான்காவது மூட்டையின் அடியில், லுங்கித் துண்டுகளுக்கு நடுவே, பழுப்பு நிற அளவு ஜாக்கெட் ஒன்று கிடைத்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஓர் அம்மா கேட்டபோது, திருப்பிக் கொடுத்துவிட்டேனே என்று நான் அடித்துச் சொன்ன அதே ஜாக்கெட். துவைத்து இஸ்திரி போட்டு, நேற்று மாலை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்த அளவு இனி எனக்கு எங்கே பொருந்தப்போகிறது என்று சிரித்தார். பிறகு உள்ளே போய் இரண்டு ஜாக்கெட் துணி எடுத்து வந்தார். அங்கேயே புது அளவு எடுத்து, சீட்டு எழுதிப் பையில் குத்திக்கொண்டு வந்தேன்.