எந்த டிபார்ட்மென்ட் டாக்டர் நீங்க?

தொடங்கியவர்: டிஎன்பி ஃபேமிலி மெடிசின் முடித்தவர், திருநெல்வேலிப் பக்கம்

எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் படிக்கிற குடும்ப டாக்டர் படிப்பான ஃபேமிலி மெடிசினில் சீட் எடுத்திருக்கிறேன் என்று சொன்னதும் என் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ற டாக்டரா?" இரண்டாவது, "எம்பிபிஎஸ் முடிச்ச எல்லாரும் அதைத்தானே பார்க்கிறாங்க, அதுக்கு எதுக்கு இன்னும் மூணு வருஷம்?" முதல் கேள்விக்குச் சிரித்துவிட்டேன். இரண்டாவதற்குப் பதில் கிடைக்க எனக்கே ஒன்றரை வருஷம் ஆனது. இங்கே நிறைய பேர் இந்தப் பயிற்சியில் இருக்கிறீர்கள், சிலர் வெளிநாட்டில். உங்களுக்கு உள்ளே நடந்ததை எழுதுங்கள். நான் தொடங்கி வைக்கிறேன்.

நம் ஊரில் இந்தப் படிப்பின் பெரும்பாலான சீட்டுகள் நேஷனல் போர்டு என்ற தேசியத் தேர்வு வாரியம் தரும் டிஎன்பி பட்டத்துக்கான சீட்டுகள்தான். மேற்படிப்பு நுழைவுத் தேர்வான நீட் பிஜி வழியாக வர வேண்டும், 3 வருஷம், தீசிஸ் உண்டு, கடைசியில் தியரி, பிராக்டிகல். மெடிசின், குழந்தைகள், பிரசவம், சர்ஜரி ஆகியவற்றில் மாதக்கணக்கில் இருப்போம். எலும்பு, தோல், கண், காது மூக்கு தொண்டை, மனநலம் எல்லாம் கொஞ்ச கொஞ்ச நாள். காகிதத்தில் பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் எந்த வார்டுக்குப் போனாலும் நாம் விருந்தாளிதான். அந்த வார்டின் பழக்கம் பிடிபடுகிற நேரத்தில் அடுத்த வார்டுக்குக் கிளம்ப வேண்டும். சர்ஜரியில் இருந்ததில் எனக்கு ஞாபகம் இருப்பது, வெட்டிய இடத்தை விலக்கி வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்த கைவலி. ஒவ்வொரு மாதமும் புதிதாக ஒரு சிஸ்டர், "நீங்க எந்த டிபார்ட்மென்ட் டாக்டர்?" என்பார். பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் "எல்லா டிபார்ட்மென்ட்டும்" என்று சொல்ல ஆரம்பித்தேன்.

தோல் பிரிவில் மட்டும் வேறு மாதிரி. அங்கிருந்த மேடம் முதல் நாளே, "உனக்கு அபூர்வ வியாதி எதுவும் சொல்லித்தரப் போறதில்லை. உன் ஓபிக்கு வேற எதுக்காகவோ வந்து, இதையும் உடம்புல வெச்சிருக்கவங்களை நீ விட்டுடக் கூடாது, அதுக்குத்தான் இந்த ஒரு மாசம்" என்றார். பஞ்சைத் திரித்து நுனியை மெல்லிசாக்கி, வெளிறிய தேமலில் எப்படித் தொட வேண்டும் என்று காட்டினார். தேய்க்கக் கூடாது, தொட்டு எடுக்க வேண்டும். பல மாதம் கழித்து முட்டி வலிக்கு வந்த ஒரு அம்மாவுக்குப் பிபி பார்க்கச் சேலையை ஒதுக்கினால், முழங்கைக்கு மேலே ஒரு தேமல். கண்ணை மூடச் சொல்லி, "தொடும்போது 'ம்' சொல்லுங்கம்மா" என்றேன். தேமலுக்கு வெளியே தொட்டபோதெல்லாம் "ம்". உள்ளே தொட்டபோது அமைதி. மூன்று தடவை தொட்டும் அமைதி. கண்ணைத் திறந்து, "என்ன டாக்டர், நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார். தொழுநோய். சீக்கிரமே பிடித்ததால் விரல் மடங்கவில்லை. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். முட்டி வலி மட்டும் இன்னும் இருக்கிறது.

ஆனால் ஒன்றரை வருஷம் கழித்துக் கிடைத்த பதில் என்றேனே, அது இதுவல்ல. எங்கள் ஆஸ்பத்திரியில் வாரத்தில் இரண்டு நாள் ஃபேமிலி மெடிசினுக்கென்று தனி ஓபி. எந்த வார்டில் இருந்தாலும் அந்த இரண்டு மதியமும் அங்கே வந்தாக வேண்டும். அங்கே எனக்கென்று ஒரு தறிக்காரத் தாத்தா. சுகர் இறங்கவே இல்லை. முதல் தடவை மாத்திரையைக் கூட்டினேன். ஒரு மாதம் கழித்து மறுபடியும் கூட்டினேன். மூன்றாவது தடவை இன்சுலின் எழுதலாம் என்று சாரிடம் போனால், அவர் கேஸ் ஷீட்டைப் பார்க்காமலே, "வீட்ல இருக்கிற மாத்திரை எல்லாத்தையும் கொண்டு வரச் சொன்னியா?" என்றார். சொல்லவில்லை.

அடுத்த வாரம் தாத்தா மஞ்சப்பையோடு வந்து மேசையில் கவிழ்த்தார். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை, நான் எழுதியது. அதே கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும், வேறு பெயரில், டவுனில் இருக்கும் ஒரு சுகர் டாக்டர் எழுதியது. "தாத்தா, ரெண்டையும் சாப்பிடறீங்களா?" என்று பதறினேன். "சேச்சே. ஒரு நாள் உங்க மாத்திரை, ஒரு நாள் அவர் மாத்திரை. ரெண்டு பேர் மனசும் நோகக் கூடாது பாருங்க." அதுவும் முழு மாத்திரை இல்லை, பாதி. ஒரு மாதத்துக்கு வாங்கியது இரண்டு மாதம் வரும் என்ற கணக்கு. நான் கூட்டிக் கூட்டி எழுதியதெல்லாம் காகிதத்தில்தான் கூடியிருக்கிறது. அன்றைக்கு இன்சுலின் எழுதி, அதை மட்டும் அவர் ஒழுங்காகப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில நேரம் நினைப்பு வரும்.

வார்டில் இதைக் கற்றிருக்க முடியாது. வார்டில் சிஸ்டர் மாத்திரையைக் கையில் கொடுத்து விழுங்க வைத்துவிடுவார்.

மூன்றாம் ஆண்டு ரெசிடென்ட், மிச்சிகன், அமெரிக்கா

உங்கள் இரண்டு மதிய ஓபிதான் இங்கே முழுப் பயிற்சியின் அச்சாணி. அதே நோயாளிகளைத் தொடர்ந்து பார்ப்பதால் கன்டினியூட்டி கிளினிக் என்பார்கள். ஃபேமிலி மெடிசின் இங்கே தனிச் சிறப்புத் துறையாக 1969-லேயே அங்கீகாரம் வாங்கிவிட்டது. பயிற்சி 3 வருஷம். முன்பெல்லாம் ரெசிடென்ட், அதாவது பயிற்சி டாக்டர், 3 வருஷத்தில் கிளினிக்கில் 1650 விசிட் பார்த்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கை வைத்திருந்தார்கள். 2023 ஜூலையிலிருந்து அதை 1000 மணி நேரம் என்று மாற்றினார்கள். தலையை எண்ணுவதை விட்டுவிட்டு நேரத்தை எண்ணுவது நல்லதுதான் என்பது என் கட்சி.

ஜூலையில் சேர்ந்ததும், ஜூனில் முடித்துப் போன ரெசிடென்ட்டின் நோயாளிகள் நம் பெயருக்கு மாறிவிடுவார்கள். என் முதல் நாள் முதல் ஆள், 70 வயதுப் பெண்மணி, ஆக்சிஜன் சிலிண்டரோடு வந்தார். நான் வாயைத் திறக்கும் முன், "நீ எனக்கு ஐந்தாவது ஆள். உங்களை எல்லாம் நான்தான் டாக்டர் ஆக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறேன்" என்றார். கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை. எந்த மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாது, எந்த வருஷம் எந்த டாக்டர் அதை மறந்து எழுதினார் என்பதெல்லாம் மனப்பாடமாகச் சொன்னார்.

முதல் வருஷம் ஒவ்வொரு நோயாளியையும் பார்த்துவிட்டு வெளியே வந்து, பக்கத்து அறையில் இருக்கும் பிரிசெப்டரிடம், அதாவது மேற்பார்வை டாக்டரிடம், சொல்ல வேண்டும். அவர் இரண்டு கேள்விதான் கேட்பார். "என்ன என்று நினைக்கிறாய்?" அப்புறம், "அது இல்லையென்றால்?" இரண்டாவதற்குப் பதில் இல்லாமல் அந்த அறைக்குப் போகக் கூடாது என்று இரண்டே வாரத்தில் புரிந்துவிட்டது.

இன்னொன்று, வீடியோ. நோயாளியின் சம்மதத்தோடு கேமரா ஓடும். பிறகு கிளினிக்கில் உள்ள உளவியலாளரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். என் முதல் வீடியோவில் அவர் ஸ்டாப்வாட்சை மேசையில் வைத்தார். நோயாளி பேச ஆரம்பித்து 9-வது நொடியில் நான் குறுக்கே புகுந்து, "வலி எத்தனை நாளாக?" என்று கேட்டிருக்கிறேன். 1984-ல் வந்த ஓர் ஆய்வில் டாக்டர்கள் சராசரியாக 18 நொடியில் குறுக்கிட்டார்கள் என்று அவர் சொன்னார். "நீ அவர்களை விட இரண்டு மடங்கு வேகம்." சென்னையில் இன்டர்னாக நூறு பேர் வரிசையில் நின்ற ஓபியில் வந்த பழக்கம், நாக்கிலேயே உட்கார்ந்துவிட்டது. அதை விட ஒரு வருஷம் ஆனது.

வேலை நேரம் பற்றிக் கேட்பீர்கள். நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று 2003 முதல் விதி இருக்கிறது. ஐசியு மாதத்தில் அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டே இருப்போம். நான் ஜே-1 என்ற பயிற்சி விசாவில் வந்தவன். முடித்ததும் 3 வருஷம் டாக்டர் பற்றாக்குறை உள்ள ஓர் ஊரில் வேலை செய்தால்தான் இங்கேயே இருக்கலாம். ஊர் இன்னும் முடிவாகவில்லை. இந்த வாரம் என் நோயாளிகளுக்கு விடைபெறும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆக்சிஜன் அம்மாவுக்கு ஆறாவது ஆள் யாரென்று நேற்றுத்தான் சொன்னார்கள்.

பயிற்சி டாக்டரிடம் அம்மாவைக் காட்டியவர், மதுரை

நான் டாக்டர் இல்லை. எதிர்ப்பக்கத்து அனுபவம் ஒன்று சொல்லலாமா? அம்மாவுக்குத் தலைசுற்றல். ஓபியில் ஒரு சின்னப் பையன் மாதிரி டாக்டர். "பெரிய டாக்டர் எப்ப வருவார்?" என்று நேரடியாகவே கேட்டுவிட்டேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அவர் முகம் சுளிக்கவில்லை. "வருவார்மா, அதுக்குள்ள நான் பேசிட்டிருக்கேன்" என்று அம்மா பக்கம் திரும்பி, "வீட்ல யார் சமைக்கிறாங்க?" என்று கேட்டார். தலைசுற்றலுக்கும் சமையலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சல். அம்மாவோ, அப்பா இறந்ததிலிருந்து ஒரு ஆளுக்கு எதற்கு அடுப்பு மூட்டுவது என்று ராத்திரி வெறும் டீயோடு படுத்துவிடுவதையும், பிபி மாத்திரையை மட்டும் தவறாமல் போடுவதையும் சொன்னார். எனக்கு அது அந்த அறையில்தான் தெரிய வந்தது. அம்மாவைப் படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிபி பார்த்தார். நின்றபோது நன்றாக இறங்கிவிட்டது. மாத்திரையைக் குறைத்தார்கள். பெரிய டாக்டர் வந்து அதே மாதிரி படுக்க வைத்து, நிற்க வைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜிபி பயிற்சியில் இருப்பவர், லண்டன்

எனக்குப் பூர்வீகம் யாழ்ப்பாணம். இங்கே இரண்டு வருட அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், பயிற்சி 3 வருடம், கொஞ்ச காலம் ஆஸ்பத்திரியில், மீதி சர்ஜரியில். குழப்பிக்கொள்ளாதீர்கள், இங்கே ஜிபியின் கிளினிக்கைத்தான் சர்ஜரி என்பார்கள். எங்களுக்கு மந்திரம் மாதிரி ஓத வைப்பது மூன்று: நோயாளி என்ன நினைக்கிறார், எதற்குப் பயப்படுகிறார், எங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார். பரீட்சைக்கும் இதுதான்.

எங்கட ஊர் அம்மம்மா ஒருவர் வயிற்று நோவென்று வந்தார். நானும் தமிழிலேயே பவ்வியமாக, "என்னவா இருக்கும் எண்டு நீங்கள் நினைக்கிறீங்கள், அம்மம்மா?" என்றேன். "அது தெரிஞ்சா நான் ஏன் பிள்ளை உன்னட்ட வாறன்?" பயிற்றுநர் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்குத் தமிழ் தெரியாது, என் முகம் போன போக்கைப் பார்த்தே சிரித்துவிட்டார். பத்து நிமிட அப்பாயின்ட்மென்ட்டில் ஆறு நிமிடம் போய்விட்டது. வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவராகவே கூரையைப் பார்த்தபடி, "எங்கட அண்ணைக்கும் இப்பிடித்தான் தொடங்கினது" என்றார். அண்ணனுக்கு இரைப்பைப் புற்றுநோய். கேள்வியைப் பாடமாகக் கேட்டபோது வராதது, கை வயிற்றில் இருந்தபோது வந்தது. பரிசோதனைக்கு அனுப்பினோம். அவருக்கு அல்சர் மட்டும்தான்.

எங்கள் குழுவில் மாதம் ஒரு முறை பாலின்ட் வட்டம் உண்டு. மைக்கேல் பாலின்ட் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1950-களில் இதே லண்டனில் ஜிபிகளைச் சுற்றி உட்கார வைத்துத் தொடங்கியது. எந்த நோயாளி உங்களை வீடு வரைக்கும் தொடர்ந்து வருகிறார் என்று சொல்ல வேண்டும், வைத்திய ஆலோசனை எதுவும் கிடைக்காது. முதலில் எனக்கு அது நேர விரயமாகத்தான் தெரிந்தது. இப்போதும் சில மாதங்களில் அப்படித்தான் தெரிகிறது.

எம்பிபிஎஸ், 1981 முதல் கிளினிக், தேனிப் பக்கம்

எல்லாவற்றையும் வாசித்தேன் தம்பி. நாங்கள் எந்த ரெசிடென்சியும் படிக்கவில்லை, போர்டு மாட்டினோம், உட்கார்ந்தோம். அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று எழுதத்தான் வந்தேன். மிச்சிகன்காரர் எழுதிய "அது இல்லையென்றால்?" என்ற கேள்வியைப் படித்ததும் ஒரு அம்மா ஞாபகம் வந்துவிட்டார்.

களைப்பு என்று வந்தார், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். மலச்சிக்கல் என்று வந்தார், அதற்கொரு டானிக். தொண்டை கட்டியிருக்கிறது என்று வந்தார், சப்புகிற மாத்திரை. ஒவ்வொரு முறையும் பிரச்சினை ஒன்று, மருந்து ஒன்று. சுமார் ஒரு வருஷம். ஒரு நாள் அவருடைய மகள் துணைக்கு வந்தவள், "அம்மா பேசினா போன்ல எனக்கே ஆள் தெரியலை சார், ஆம்பளைக் குரல் மாதிரி இருக்கு" என்றாள். அப்போதுதான் நிமிர்ந்து அந்த முகத்தைப் பார்த்தேன். ஊதிய முகம், உதிர்ந்த புருவ ஓரம், காய்ந்த தோல். தைராய்டு சுரப்பு அடியோடு குறைந்திருந்தது. ரத்தம் மதுரைக்குப் போய் ரிசல்ட் வர நான்கு நாள் ஆனது, ஆனால் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எங்கள் காலத்தில் பக்கத்து அறை கிடையாது. தப்பைப் பார்த்துக் கேட்க ஆள் இல்லை. அந்த அம்மாவும் கேட்கவில்லை, குணமானதும் மாம்பழம் கொண்டு வந்து கொடுத்தார்.

எம்பிபிஎஸ் முடித்தவர்

கவுன்சலிங் பட்டியலில் எனக்கு எட்டுகிற மாதிரி மூன்று டிஎன்பி ஃபேமிலி மெடிசின் சீட் இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது?

தொடங்கியவர்

தேனி சார், நன்றி. அந்த மாம்பழத்தைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத வரவில்லை.

கவுன்சலிங் தம்பிக்கு: 2017 தேசிய சுகாதாரக் கொள்கையிலேயே இந்தப் படிப்பைப் பரவலாக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதை நம்பிச் சேராதீர்கள். ஆஸ்பத்திரியின் படுக்கை எண்ணிக்கையையும் பார்க்காதீர்கள், பெரிய ஆஸ்பத்திரியில் நீங்கள் எல்லா வார்டுக்கும் ஒரு உபரிக் கையாக ஆகிவிடும் ஆபத்து அதிகம். அங்கே இப்போது படிக்கும் யாரையாவது பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள். போன மாதம் பார்த்த நோயாளி ஒருவரை இந்த மாதம் மறுபடியும் பார்த்தீர்களா? உங்கள் கேஸ் ஷீட்டைக் கடைசியாக யார், எப்போது படித்தார்கள்? ஆளைப் பிடிக்க முடியவில்லை என்றால், ரிசப்ஷனுக்குப் போன் பண்ணி ஃபேமிலி மெடிசின் ஓபி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். "அப்படின்னா எந்த ஓபி சார்?" என்று திருப்பிக் கேட்டார்களானால், பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள்.